குளம் இல்லாத சோலை

3 ஜனவரி 2025, வெள்ளி. உப்புவெளி, திருகோணமலை

விடியக்காலையிலிருந்து மழை விட்டபாடில்லை. முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். படியில் விட்ட செருப்பு மிதந்து வேலிக்கரைக்குப் போய்விட்டது. இந்த நாளில் உட்கார்ந்து பாலைவனத்துக்குப் பெட்டி அடுக்குகிறேன்.

மகன் அபுதாபிக்குப் போய் ஆறு வருடம். "வாங்கோ அம்மா" என்று அவன் கேட்பதும் நான் ஏதாவது சாட்டுச் சொல்லித் தட்டிக்கழிப்பதும் வழக்கம். இந்தமுறை தூண்டிலில் வேறு இரை குத்திப் போட்டான்: "வந்தியள் எண்டால் லிவாவுக்குக் கூட்டிக்கொண்டு போறன். உங்கட பாலைவனச் சோலை." அன்றைக்கே பாஸ்போர்ட்டைத் தேடினேன்.

31 வருடம் புவியியல் படிப்பித்தவள் நான். பாலைவனச் சோலையைக் கரும்பலகையில் எத்தனை தரம் கீறியிருப்பேன்! நீள்வட்டத்தில் ஒரு குளம், கரையில் மூன்று பேரீச்சை, பின்னால் இரண்டு மணல்மேடு, ஓரத்தில் ஒரு ஒட்டகம். ஒட்டகம் எனக்கு ஒருநாளும் சரிவந்ததில்லை. "ரீச்சர், இது மாடோ?" என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல் வரும். சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம்.

பெட்டியில் உடுப்பை விடச் சாப்பாட்டுச் சாமான்தான் கூட. வறுத்த அரிசிமா, மிளகாய்த்தூள், பனங்கட்டி. கருவாட்டை மூன்று பையில் சுற்றியும் மணம் அடங்கவில்லை.

8 ஜனவரி, புதன். அபுதாபி

இரவு பஸ்ஸில் கொழும்பு, பிறகு பிளேன். கருவாடு தப்பி வந்துவிட்டது. பேரன் "அப்பம்மா, பிளேன் ஆடினதா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தன் விளையாட்டுக்குப் போனான். பதினெட்டாம் மாடி. கீழே பார்த்தால் தலை சுற்றுகிறது, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கல். முற்றம் இல்லை, சூரியன் பக்கத்துக் கட்டடத்துக்குப் பின்னால். மருமகள் மின்சார அடுப்பில் பானை வைத்தாள். பால் பொங்கி வழிந்ததும் அடுப்பு தானாகவே நின்றுவிட்டது. பேரனுக்கு அதுதான் பெரிய பகிடி.

மத்தியானம் மகனின் கணினியில் சோலைகளைத் தேடிப் பார்த்தேன். பெருவில் ஈக்கா நகருக்குப் பக்கத்தில் வக்காச்சினா என்று ஒன்று. நான் கரும்பலகையில் கீறியது அப்படியே இருக்கிறது: குளம், சுற்றிவரப் பனைகள், பின்னால் மலைபோல மணல். அந்த நாட்டின் 50 சோல் நோட்டில் அந்தப் படத்தை அச்சடித்தும் இருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் கீழே இருந்ததை வாசித்தான்: சுற்றுவட்டாரக் கிணறுகள் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்சக் குளம் வற்றிப்போய், இப்போது வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து நிரப்புகிறார்களாம்.

"அப்ப அது தொட்டி, அம்மா."

பிள்ளைகள் வளர்ந்துவிட்டால் இப்படித்தான்.

18 ஜனவரி, சனி. லிவா

காலை ஏழுக்குப் புறப்பட்டோம். 200 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டம். முதலில் எண்ணெய்க் குழாயும் மின்கம்பியும் தட்டை நிலமும்தான். மதீனத் சாயித் தாண்டிய பிறகு மணல் நிறம் மாறத் தொடங்கியது. வெள்ளை, பிறகு வெளிர் மஞ்சள், பிறகு செங்கல்லை அரைத்துத் தூவியது போல. மணல்மணிகளைச் சுற்றி இரும்பு ஒட்சைட்டு படிவதால் அந்தச் சிவப்பு என்று பேரனுக்குச் சொன்னேன். "துருவா?" என்றான். ஓம், துருதான். இரண்டு சொல்லில் முடிகிற விசயத்துக்கு நான் அரைப் பாடம் எடுத்திருக்கிறேன்.

லிவா ஒரு இடமல்ல. இதை முதலில் எழுதி வைக்க வேண்டும். பிறை போல வளைந்து ஏறக்குறைய 100 கிலோமீற்றர் நீளத்துக்குச் சின்னச் சின்ன ஊர்களும் தோட்டங்களும் கோத்த மாலை அது. நடுவில் மெசைரா என்ற சிறு பட்டணம். அதற்குத் தெற்கே ரப் அல் காலி, 'வெறுமையான கால்பங்கு' என்று அரபுக்காரர் சொல்லும் மணற்கடல், சவூதி, ஓமான், யேமன் வரைக்கும் கிடக்கிறது. ஏறத்தாழ ஆறரை இலட்சம் சதுர கிலோமீற்றர். இலங்கையைப் போலப் பத்துத் தீவை அதற்குள் புதைக்கலாம்.

மெசைராவில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினோம். நாங்கள் கதைப்பதைக் கேட்டுக்கொண்டிருந்த பொடியன் கோப்பையை வைத்துவிட்டு, "நீங்க திருகோணமலையா?" என்றான். அவன் எங்களுக்குப் பக்கத்துக் கிண்ணியா. நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னதும் "அப்ப ரீச்சரா!" என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். வந்து நாலு வருடமாம். "கடல் இல்லாத ஊர் ரீச்சர். முதல் மாசம் நித்திரையே வரல்ல, சத்தம் இல்லாம." காசு வாங்க மாட்டேன் என்று ஒரே பிடி. பிறகு மகன்தான் எப்படியோ திணித்துவிட்டு வந்தான்.

அவன் சொன்ன வழியில் ஒரு தோட்டத்துக்குப் போனோம். குளத்தைத் தேடினேன் என்று ஒத்துக்கொள்கிறேன். இவ்வளவு வாசித்த பிறகும் கண் தேடியது. குளம் இல்லை. இரண்டு மணல்மேடுகளுக்கு நடுவில் பள்ளம், பள்ளத்தில் வரிசையாகப் பேரீச்சை, ஒவ்வொரு மரத்தின் அடியிலும் பாத்தி, பாத்திக்கு ஒரு கறுப்புக் குழாய். ஒரு மூலையில் சீமெந்துத் தொட்டி, மோட்டர். அவ்வளவுதான்.

தொட்டிக்குப் பின்னால் பழைய கிணறு ஒன்று தகரம் போட்டு மூடிக் கிடந்தது. காவல் நின்ற பாகிஸ்தான்காரர் தகரத்தை இழுத்துக் காட்டினார். உள்ளே மணலும் ஒரு வாளிப்பிடியும். மகன் அரைகுறை இந்தியில் கேட்டுச் சொன்னான்: முந்தி கைக்கு எட்டிய தண்ணீர் இப்போது ஆழத்தில், அதுவும் உப்பு. தொட்டியில் கையை விட்டு ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். வைத்ததுமே தெரிந்தது. எங்கள் வீட்டுக் கிணறு ஆவணி மாதத்தில் தருகிற அதே சவர்.

இந்தத் தண்ணீர் ஆறோ ஊற்றோ அல்ல. பல ஆயிரம் வருடங்களுக்கு முன்னர் இந்தப் பாலை ஈரமாக இருந்த காலத்தில் பெய்த மழை, மணலுக்குள் இறங்கித் தங்கியது. மணல்மேடுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் அது மேலே கிட்டத்தில் இருந்தது. அதைக் கண்ட சனம் அங்கே கிணறு தோண்டி மரம் வைத்தது. தோண்டினால்தான் சோலை. தோண்டாவிட்டால் அது வெறும் பள்ளம்.

மேட்டின் உச்சியில் காய்ந்த ஓலையை நெருக்கி நட்ட வேலி ஓடியது. மணல் தோட்டத்துக்குள் சரியாமல் இருக்க. எங்கள் பக்கத்துப் பனையோலை வேலி மாதிரியேதான், ஆனால் இது ஆட்டுக்கும் அயலவனுக்கும் அல்ல, காற்றுக்குக் கட்டிய வேலி. ஒரு பக்கத்தில் மணல் வேலியின் கழுத்துவரை வந்துவிட்டது. "அடுத்த வருசம் இதுக்கு மேல இன்னொண்டு வைக்கவேணும்" என்று அந்த மனிசன் கையாலேயே காட்டினார்.

மரத்தில் பழம் இல்லை. ஆடியில் வந்திருந்தால் குலைகுலையாகத் தொங்குமாம். ஜூலையில் பேரீச்சம்பழத் திருவிழாவே வைக்கிறார்கள், 45 பாகை வெயிலில். இன்னும் சில வாரத்தில் பாளை வெடிக்கும். ஆண் மரத்துப் பாளையின் கதிரை வெட்டி, பெண் மரத்தில் ஏறி, அதன் பாளைக்குள் செருகி நாரால் கட்டுவார்களாம். அவர் இரண்டு விரலைக் கோத்துக் காட்ட, மருமகள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். பனையிலும் ஆண் பெண் உண்டு, ஆனால் நம்மூரில் பனைக்கு ஒருவரும் கல்யாணம் செய்துவைப்பதில்லை. அந்த வேலையைக் காற்றும் பூச்சியும் பார்த்துக்கொள்ளும்.

இரவு விடுதியின் பின்பக்க மேட்டில் சால்வையைப் போர்த்திக்கொண்டு இருந்தேன். மேற்கே வெள்ளி, எண்ணெய் விளக்கைத் தூக்கிப் பிடித்தது போல. நிலவு பிந்தித்தான் வந்தது. கிண்ணியாப் பொடியன் சொன்னது சரி. சத்தமே இல்லை.

19 ஜனவரி, ஞாயிறு. லிவா

விடிய எழும்பினால் எதிரே ஒன்றுமில்லை. பனிப்புகார். பாலைவனத்தில் புகாரா என்று பேரன் என்னையே குற்றவாளி போலப் பார்த்தான். மாரியில் வளைகுடாக் கடலின் ஈரக்காற்று இரவுக் குளிரில் படிந்து இப்படி ஆகும். மணலின் மேல்தோல் நனைந்து அப்பளம் போல இருந்தது. கால் வைத்தால் 'நறுக்'கென்று உடைந்து, அடியில் உலர்ந்த மணல். அந்தத் தோலில் ஒரு வண்டு இரவு முழுக்க நடந்த தடம், தையல்மெசினில் அடித்த தையல் மாதிரி, வளைந்து வளைந்து ஒரு செடியடியில் முடிந்தது.

ஒரு பிடி அள்ளிக் கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எல்லா மணியும் உருண்டை. காற்று உருட்டி உருட்டி மூலையெல்லாம் தேய்ந்துவிட்டது. எங்கள் நிலாவெளி மணலில் சிப்பியுடைசல் குத்தும், புல்மோட்டை மணலில் இல்மனைற்று என்ற கனிமம் கறுப்பாகக் கலந்திருக்கும். இதில் குத்துவதற்கு ஒன்றுமே இல்லை. விரலிடுக்கால் தண்ணீர் போல ஓடியது.

புகார் விலகியதும் தல் மொரீப் என்ற பெரிய மணல்மேடு. ஏறத்தாழ 300 மீற்றர் உயரம் என்கிறார்கள். கோணேசர் மலையை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வைத்தாலும் எட்டாது. சரிவு 50 பாகையாம். இதில் மட்டும் நான் விடமாட்டேன். உலர்ந்த மணல் 34 பாகைக்கு மேல் நிற்காது, சரியும். இங்கே வாகனப் போட்டி வைக்கிறவர்கள் பாகைமானியைக் கொண்டுவந்து வைத்துப் பார்க்கட்டும். மகன் சொன்னான், "அம்மா, ஏறிப்போட்டுச் சொல்லுங்கோ." நூறு அடி ஏறினேன். ஒரு அடி வைத்தால் முக்கால் அடி கீழே வரும். மேலிருந்து சின்ன மணலாறுகள் இறங்கி என் தடத்தை நிரப்பின. 34 என்று நினைத்துக்கொண்டே இறங்கிவிட்டேன்.

திரும்பும் வழியில்தான் வினை. மணல்மேடுகளுக்கிடையே வெள்ளைத் தட்டை நிலம் ஒன்று தெரிந்தது. சப்கா. கிட்டப் பார்க்கவேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். தார்றோட்டை விட்டு இறங்கி இருபது யார் தூரம்கூடப் போகவில்லை, கார் வயிற்றில் உட்கார்ந்துவிட்டது. மகன் ரயர் காற்றைக் குறைத்தான், தோண்டினான், என்னைப் பார்க்காமல் பெருமூச்சு விட்டான். கடைசியில் பிக்கப்பில் வந்த தோட்ட வேலையாட்கள் நாலு பேர் காய்ந்த பேரீச்ச மட்டைகளை ரயருக்கு அடியில் செருகித் தள்ளிவிட்டார்கள்.

அதற்குள் நான் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன். நிலத்தடி உவர்நீர் மேலே கசிந்து, வெயில் தண்ணீரைக் குடித்துவிட, உப்பு பொருக்குப் பொருக்காகப் படிந்து கிடக்கிறது. சப்கா என்றால் உப்புநிலம். வீட்டு விலாசத்தில் நாற்பது வருடமாக எழுதுகிற சொல் அதுவே: உப்புவெளி.

20 ஜனவரி, திங்கள். அபுதாபி

கால் நோ. மருமகள் எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

மகனிடம் மன்னிப்பாகச் சமைத்துக் கொடுத்துவிட்டு, வாசித்தேன். இந்த நகரத்தை ஆளும் குடும்பமே லிவாவிலிருந்து வந்தது. பனி யாஸ் கோத்திரத்தில் ஒரு பகுதி கோடையில் கடற்கரைக்கு வந்து முத்துக் குளிக்கும், மற்றப் பகுதி பழம் பழுக்கிறதால் சோலைக்குத் திரும்பும். 1761இல் இந்த அபுதாபித் தீவில் குடிக்கத் தண்ணீர் கண்டார்கள், ஒரு மானைப் பின்தொடர்ந்து போய் என்று கதை. அபுதாபி என்றால் மானின் தந்தை. எங்கள் திருகோணமலைக் கோட்டைக்குள் திரியும் மான்கள் ஒன்றையும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை, கடலைப் பைகளைத் தவிர.

அன்று லிவாவிலிருந்து கடற்கரைக்கு வந்தது சனம். இப்போது கடற்கரையிலிருந்து லிவாவுக்குப் போகிறது தண்ணீர். கடல்நீரை உப்பகற்றி, குழாயில் கொண்டுபோய், லிவா மணலுக்கு அடியில் இறக்கிச் சேமித்திருக்கிறார்கள். 2018இல் திறந்தது. 2 கோடியே 60 இலட்சம் கன மீற்றர், ஆபத்து வந்தால் 10 இலட்சம் பேருக்கு 90 நாளுக்குப் போதுமாம். அந்தப் பழைய மழை தங்கிய மணலில் இப்போது கடல் தங்குகிறது. நாங்கள் நடந்த மணலுக்குக் கீழே எங்கோ ஒரு குளம் இருந்திருக்கிறது. என் படம் பிழையில்லை, தலைகீழாகக் கீறிவிட்டேன், அவ்வளவுதான் என்று மகனிடம் சொன்னேன். அவன் காரைக் கழுவப் போய்விட்டான்.

2 பெப்ரவரி, ஞாயிறு. உப்புவெளி

வந்து ஐந்து நாள். அயலெல்லாம் பேரீச்சம்பழம் பங்கிட்டு முடிந்தது. காலையில் பக்கத்து வீட்டாரோடு கன்னியா வெந்நீர்க் கிணறு. காலுக்கு நல்லது என்று இழுத்துக்கொண்டு போனார்கள். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. தாய்க்குக் கிரியை செய்ய இராவணன் உண்டாக்கியது என்று சொல்லும் தண்ணீர். வாளியால் அள்ளி ஊற்றும்போது, எட்டிப் பார்த்தால் அடி தெரிகிற இந்தக் கிணற்றில் ஒருவரும் தகரம் போட்டு மூடவில்லையே என்று தோன்றியது.

பின்னேரம் ரியூசனுக்கு வருகிற எட்டாம் வகுப்புப் பிள்ளை கொப்பியைக் காட்டினாள். பாலைவனச் சோலை. நீள்வட்டக் குளம், மூன்று மரம், ஒட்டகம். ஒட்டகம் என்னுடையதை விட நன்றாக இருந்தது.

நான் பள்ளத்தை, கிணற்றை, ஓலை வேலியை, கறுப்புக் குழாயை எல்லாம் பக்கத்தில் கீறிக் காட்டினேன். அரை மணித்தியாலம் போனது. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கேட்டாள்: "அப்ப சோதினைக்கு எதைக் கீறுறது ரீச்சர்?"

கொஞ்சம் யோசித்தேன்.

"குளத்தையே கீறு பிள்ளை."