நண்பர்கள் இருக்கும் ஊர், ஆட்டம் நடக்கும் நாள்

நியூஜெர்சியிலிருந்து மேற்கே பென்சில்வேனியா டர்ன்பைக்கில் ஏறினால் பிட்ஸ்பர்க், கிளீவ்லாண்ட், டெட்ராய்ட், சிகாகோ என்று பெரிய லீக் பேஸ்பால் அணி உள்ள ஊர்கள் வரிசையாக வரும். டெட்ராய்ட் தவிர மற்ற மூன்றிலும் என் கல்லூரிக் கூட்டாளிகள் குடும்பத்தோடு இருக்கிறார்கள். போன ஜூலையில் அவர்களைப் பார்த்துவிட்டு, அவரவர் ஊர் மைதானத்தில் அவர்களோடு உட்கார்ந்து ஆட்டமும் பார்க்கலாம் என்று காரை எடுத்தேன். ஓர் அணி ஒரு சீசனில் 162 ஆட்டம் ஆடும், அதில் பாதி வெளியூரில். நாம் போகிற நாளில் அணியும் ஊரில் இருக்க வேண்டும், நண்பனும் ஊரில் இருக்க வேண்டும். அட்டவணையோடு மல்லுக்கட்டித்தான் தேதி அமைந்தது.

பிட்ஸ்பர்க்கில் இறங்கியதும் நண்பன் நேராக பென் ஹில்ஸ் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போனான். எழுபதுகளில் குன்றின் மேல் கட்டிய கோயில். புளியோதரை சாப்பிட்டுவிட்டு மாலையில் பி.என்.சி. பார்க் போனோம். ஆட்ட நாளில் ராபர்டோ கிளெமென்டே பாலத்தில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அலெகேனி ஆற்றின் மேல் ஊரே நடந்து போகிறது. 2001இல் திறந்த மைதானம் இது. மேல் தளத்தில் உட்கார்ந்தால் ஆறு, மஞ்சள் பாலங்கள், அக்கரையின் உயரக் கட்டடங்கள் எல்லாம் ஒரே பார்வையில் விழும். நான் பார்த்தவற்றில் இதைவிட அழகான மைதானம் இல்லை.

கிளெமென்டே இந்த ஊர் பைரேட்ஸ் அணிக்கு ஆடிய போர்ட்டோ ரிக்கோக்காரர். பந்தை அடித்துவிட்டு அவுட்டாகாமல் ஓடிச் சேர்ந்தால் ஒரு ஹிட். சரியாக 3000 ஹிட் அடித்து 1972 சீசனை முடித்தார். அந்த வருடக் கடைசி நாளில், நிகராகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிச்சென்ற விமானம் கடலில் விழுந்து இறந்துபோனார். அவர் சட்டை எண் 21. அவர் நினைவாக வலப்பக்கச் சுவரை 21 அடி உயரத்துக்குக் கட்டியிருக்கிறார்கள். ஒரு பந்து அந்தச் சுவரில் பட்டுத் திரும்பியபோது, பக்கத்திலிருந்த முதியவர் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். 2008இல் இரண்டு இந்திய இளைஞர்களை ஒப்பந்தம் செய்ததும் இதே பைரேட்ஸ் அணிதான். ரிங்கு சிங், தினேஷ் படேல், இருவருமே ஈட்டி எறிந்து பழகியவர்கள். பெரிய லீக் வரை அவர்களால் போக முடியவில்லை. ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்துதான் நண்பன் இந்த அணியின் ஆளானான்.

மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ். ஐந்தாவது இன்னிங்ஸில் பியரோகி வேடம் போட்டவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். பியரோகி என்பது போலந்துப் பலகாரம், பார்க்க நம் சோமாசி மாதிரி இருக்கும். அந்தச் சிரிப்பு அடங்கியதும் நண்பன், "அம்மா பொள்ளாச்சியில தனியா இருக்காங்கடா, திரும்பிப் போயிடலாமான்னு யோசிக்கிறேன்" என்றான். ஒரு பந்து வீசினார்கள். பெரியவள் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னான். இன்னொரு பந்து. மனைவியின் வேலையைப் பற்றிச் சொன்னான். வீட்டுக் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் இந்தப் பேச்சு வந்திருக்காது என்றே நினைக்கிறேன். தட்டில் இன்னும் ரெண்டு தோசை வைப்பதிலேயே நேரம் போயிருக்கும். இங்கே இருவரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறோம், கண்ணுக்கும் கைக்கும் வேலை இருக்கிறது, நாக்கு தானாக இளகிவிடுகிறது. 2023இலிருந்து பந்துவீச்சாளர் இத்தனை நொடிக்குள் வீச வேண்டும் என்று கடிகாரம் வைத்து ஆட்டத்தைச் சுருக்கிவிட்டார்கள். இருந்தாலும் சராசரியாக இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. மனம் விட்டுப் பேச அது போதும்.

கிளீவ்லாண்டில் இருப்பவர் கல்லூரியில் எங்களுக்கு ஒரு வருடம் மூத்தவர். எல்லோருக்கும் அக்கா. ஈஸ்டரை ஒட்டி நடக்கும் தியாகராஜ ஆராதனைக்காக முதலில் இந்த ஊருக்கு வந்தவர், பிறகு வேலையும் இங்கேயே அமைந்து தங்கிவிட்டார். மைதானத்துக்குப் போகும் முன் ஹோப் மெமோரியல் பாலத்துக்கு அழைத்துப்போனார். 1932இல் கட்டிய பாலம். அதன் தூண்களில் எட்டுப் பிரம்மாண்டமான கல் உருவங்கள், ஒவ்வொன்றின் கையிலும் ஒரு வண்டி. 'போக்குவரத்தின் காவலர்கள்' என்று அவற்றுக்குப் பெயர். இண்டியன்ஸ் என்ற பழைய பெயரை விட்டபோது அணி தேர்ந்தெடுத்த கார்டியன்ஸ் என்ற பெயர் இங்கிருந்து வந்ததுதான். 2022 சீசனிலிருந்து அந்தப் பெயரில் ஆடுகிறார்கள். ஊருக்குள்ளேயே கிடைத்த பெயர், எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அக்கா பென்சிலும் ஸ்கோர் கார்டும் இல்லாமல் ஆட்டம் பார்ப்பதில்லை. மைதானத்தில் ஃபீல்டர் நிற்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு. பேஸ் என்பது ஓடுகிறவர் தொட வேண்டிய மூலை. 6-4-3 என்று எழுதினால், இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து, இரண்டாவது பேஸுக்கு எறிந்து, அங்கிருந்து முதல் பேஸுக்குப் போன டபுள் ப்ளே, அதாவது ஒரே அடியில் இருவர் அவுட். பேட்டர் மட்டையை வீசித் தவறி அவுட்டானால் 'கே', வீசாமல் நின்றே அவுட்டானால் அதே எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும். கச்சேரியில் தாளம் போட்டபடி கேட்பவர் அவர். இங்கேயும் அதே கவனம். வெளிமைதானப் படிக்கட்டின் கடைசி வரிசையையும் காட்டினார். 1973இல் பழைய மைதானத்தில் பெரிய டிரம் ஒன்றை வாசிக்கத் தொடங்கிய ஜான் ஆடம்ஸ் என்ற ரசிகர், இங்கே வந்த பிறகு உட்கார்ந்து வாசித்த இடம் அது. அவர் 2023 ஜனவரியில் காலமானார். டிரம்முக்கும் சேர்த்து டிக்கெட் வாங்குவாராம்.

அப்புறம் பேச்சு 2016க்குப் போனது. கிளீவ்லாண்டில் அக்காவிடம் பேசினால் போகாமல் இருக்காது. சீசன் கடைசியில் சாம்பியன் யார் என்று முடிவு செய்யும் உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம் இதே மைதானத்தில். எதிரணி சிகாகோ கப்ஸ். எட்டாவது இன்னிங்ஸில் கிளீவ்லாண்டின் ரஜாய் டேவிஸ் சுவரைத் தாண்டி அடித்த ஹோம் ரன் ஸ்கோரை 6-6 என்று சமன் செய்தது. ஒன்பது இன்னிங்ஸ் முடிந்ததும் மழை. 17 நிமிடம் நிறுத்தினார்கள். திரும்ப வந்து பத்தாவது இன்னிங்ஸில் கப்ஸ் 8-7 என்று ஜெயித்தது. 1948க்குப் பிறகு பேஸ்பால் கோப்பை இல்லாத ஊர் இது. "அந்த மழை வரலைன்னா நிலைமையே வேறடா" என்றார். குரலில் இன்னும் சூடு ஆறவில்லை.

டெட்ராய்டில் தெரிந்தவர் யாரும் இல்லை. தனியாக ஒரு டிக்கெட் எடுத்து கொமெரிகா பார்க்கில் உட்கார்ந்தேன். வாசலில் பெரிய பெரிய புலிச் சிலைகள், உள்ளே அந்தக்கால வீரர்களின் சிலைகள். நல்ல ஆட்டம்தான். என்றாலும் ஏழாவது இன்னிங்ஸிலேயே எழுந்து வந்துவிட்டேன்.

சிகாகோவில் கப்ஸ் அணியின் ரிக்லி ஃபீல்டு. 1914இல் கட்டியது, குடியிருப்புகளுக்கு நடுவே நிற்கிறது. ரயிலில் அடிசன் நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே மைதானம். எதிர்வீட்டு மொட்டைமாடிகளில்கூட இருக்கை போட்டிருக்கிறார்கள். இரவு ஆட்டத்துக்கு விளக்கே 1988இல்தான் வந்தது, அதனால் பகல் ஆட்டம் இங்கே இன்னும் பெருமைக்குரிய வழக்கம். நாங்கள் போனதும் பகல் ஆட்டம்தான். நண்பன் அலுவலகத்துக்கு லீவு போட்டிருந்தான். ஸ்கோர் பலகையில் எண்களை இன்றும் ஆள் உள்ளே இருந்து கையால் மாற்றுகிறார். செங்கல் சுவர் முழுக்கக் கொடி படர்ந்திருக்கிறது. பந்து அதற்குள் சிக்கினால் ஃபீல்டர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவார், பேட்டருக்கு இரண்டு பேஸ்.

1908க்குப் பிறகு 108 வருடம் காத்திருந்து 2016இல் கப்ஸ் கோப்பையை ஜெயித்தபோது, ஜனங்கள் வெளிச்சுவர் முழுக்கச் சாக்பீஸால் பெயர்கள் எழுதினார்கள். பார்க்காமலே போய்ச்சேர்ந்த அப்பா, தாத்தா, பாட்டி பெயர்கள். நண்பன் அன்று அந்தத் தெருவில் நின்றிருந்தான். "எனக்கு யார் பேரையும் எழுத உரிமையில்லைடா. எழுதறவங்களுக்கு சாக்பீஸ் எடுத்துக் கொடுத்திட்டிருந்தேன்" என்றான். சொல்லும்போது கண் கலங்கியது.

அன்று கப்ஸ் ஜெயித்தது. ஜெயித்தால் இங்கே ஏற்றும் வெள்ளைக்கொடி ஏறியதும், அக்காவுக்கு வீடியோ காலில் அதைக் காட்டினான். எதிர்முனையில் முதல் வார்த்தையே மழைதான். இவன் எட்டாவது இன்னிங்ஸில் பந்துவீசியவரைப் பற்றி ஆரம்பித்தான். அடிசன் நிலையத்தில் ரெண்டு ரயிலை விட்டுவிட்டு, மூன்றாவதில் ஏறிய பிறகும் இருவரும் விடவில்லை.