ஆட்டுத்தொட்டியில் கட்டும் நூல்

ஆட்டின் வயிற்றிலும் குடலிலும் எத்தனை புழு இருக்கிறது என்று எண்ணத்தான் புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டிக்கு, அதாவது ஆடு வெட்டும் கூடத்துக்கு, போகிறோம். அங்கே குடலை இறக்கியதும் முதலில் சொல்ல வேண்டியது: "அண்ணா, நூல் கட்டுற வரைக்கும் கத்தி வைக்காதீங்க." போட்டி (வயிறு, குடல்) எடுப்பவரின் கைவேகத்தில் நான்காம் வயிற்றில் இருப்பது சிறுகுடலுக்குள் இறங்கிவிட்டால், பிறகு எந்த நுண்ணோக்கியாலும் பிரிக்க முடியாது. மூன்றாம் வயிறும் நான்காம் வயிறும் சேருமிடம், நான்காம் வயிறு முடியுமிடம், சிறுகுடல் முடியுமிடம் மூன்றிலும் இரட்டை முடிச்சு. வெட்டு இரண்டுக்கும் நடுவே. ஒற்றை முடிச்சு ஒழுகும்.

ஆடு செத்த பிறகும் புழு இடம் மாறும். கத்திரி வெயிலில் திசு சீக்கிரம் குழையும். அதனால் ஐஸ் பெட்டியில் எடுத்துப்போய் அன்றே திறந்துவிடுகிறோம். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் புழு சிதையக்கூடும்.

நான்காம் வயிற்றைப் வெளிப்புறப் பெரிய வளைவை ஒட்டிக் கத்தரித்து, மடிப்புகளை விரலால் தேய்த்துப் பக்கெட்டில் கழுவ வேண்டும். மொத்தத்தை 2 லிட்டராக்கி 200 மில்லி எடுத்து, எண்ணியதைப் பத்தால் பெருக்குகிறோம். கெடுவது இங்கேதான். வட்டமாகக் கலக்கினால் சுழல் புழுக்களை ஒரு பக்கம் ஒதுக்கும். கை நின்றால் அடியில் படியும். எட்டு போடுவதுபோலக் கலக்கிக்கொண்டே முகக்க வேண்டும். முகப்பவர் ஒருவர், கலக்குபவர் ஒருவர் என்றால் நல்லது.

முகந்ததை 150 மைக்ரான் சல்லடையில் அலசி, அயோடின் விட்டு, சில நிமிடம் கழித்து 5% சோடியம் தயோசல்ஃபேட் சேர்த்தால் தீவனத் துணுக்குகள் வெளுக்கும், புழு பழுப்பாகவே நிற்கும். ரத்தம் உறிஞ்சும் ஹீமோன்கஸ் புழு கண்ணுக்கே தெரியும். பெண் புழுவில் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய கயிறு மாதிரி இருக்கும். 5 முதல் 8 மில்லிமீட்டர் மயிரிழையான டிரைக்கோஸ்ட்ராஞ்சைலஸ் புழுவை இந்த அயோடின் நிறம் இல்லாமல் தேடுவது வீண்.

சளிச்சவ்வுக்குள் ஒளிந்த இளம்புழுக்கள் கழுவலில் வராது. சவ்வைச் சுரண்டி, லிட்டருக்கு 10 கிராம் பெப்சின் (புரதத்தைச் செரிக்கும் நொதி), 30 மில்லி அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த நீரில் (தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும்) 37–40 டிகிரியில் சுமார் 6 மணி நேரம் வைத்து, 38 மைக்ரான் சல்லடையில் வடிக்கிறோம். ராத்திரி முழுக்க விட்டால் புழுவும் சேர்ந்து சிதையும்.

பெருங்குடலில் ஒரு பங்கு எடுத்துப் பெருக்குவதில்லை, முழுதும் எண்ணுவோம். சாட்டைப்புழுவின் மெல்லிய முன்பகுதி சவ்வில் புதைந்திருக்கும், இழுத்தால் அறும். சிறுகுடலில் இருக்கும் மோனிசியா நாடாப்புழுவும் இழுத்தால் அறும், தலை சவ்விலேயே நின்றுவிடும்.

இனம் காண எடுத்துவைக்கும் புழுக்களை 0.85% உப்புநீரில் அலசுங்கள். வெறும் தண்ணீரில் உப்பி வெடிக்கும். பிறகு 5% கிளிசரின் கலந்த 70% ஆல்கஹாலைச் சூடாக ஊற்றினால் நேராக நீளும், ஆறினது ஊற்றினால் சுருளும். சூடாக்குவது வெந்நீர்ப் பாத்திரத்தில், நேரடித் தீயில் அல்ல. சீட்டைப் பென்சிலில் எழுதிப் பாட்டிலுக்குள்ளேயே போடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.