ரெட்டைப் பீக்கோட மல்லுக்கட்டின கதை

வயித்துப்போக்கு வர வைக்கிற குடல் ஒட்டுண்ணி ஜியார்டியாவ ஜீனோடைப்பிங் பண்றேன்னு, அதாவது ஜீன வச்சு வகை பிரிக்கிறேன்னு சொன்னப்ப கைடு மேடம் ஒரு மாதிரி சிரிச்சாங்க, ஏன்னு அப்ப புரியல. மைக்ரோஸ்கோப்ல பார்த்தா எல்லா ஜியார்டியா சிஸ்ட்டும் (மலத்துல வெளிய வர்ற கெட்டி ஓடு போட்ட நிலை) ஒரே மாதிரிதான் இருக்கும், எது மனுஷனுக்கு வர்றது எது நாய்க்கு வர்றதுன்னு பார்த்துச் சொல்லவே முடியாது. ஆனா ஜீன்ல பார்த்தா ஏ-ல இருந்து ஹெச் வரைக்கும் 8 அசெம்பிளேஜ், அதாவது உள்வகை. மனுஷங்கள்ட்ட பெரும்பாலும் கிடைக்கிறது ஏ, பி ரெண்டும்தான், மத்ததெல்லாம் நாய், பூனை, ஆடு மாடு, எலி, கடல்ல இருக்குற சீல்னு பிரிஞ்சு போகுது. பேரு மட்டும்தான் ஒரே இனம், ஏ ஜீனோமையும் பி ஜீனோமையும் பக்கத்துல பக்கத்துல வச்சா புரதத்துக்கான பகுதியிலயே சுமார் 77 சதவீதம்தான் ஒத்துப்போகுது. இதுக்கு இன்னும் ஒரே பேரு வச்சிருக்காங்களேன்னு எனக்குக் கடுப்புதான்.

முதல் ரெண்டு மாசம் பிசிஆர்ல (டிஎன்ஏவோட ஒரு துண்ட மட்டும் பல மடங்கு பெருக்குற முறை) ஒரு பேண்டுகூட வரல, பெருகியிருந்தா ஜெல்ல பட்டையா தெரியணும். கைக்கு வந்த ஸ்டூல் சாம்பிள்ல பாதி ஃபார்மலின்ல போட்டு வச்சது, மைக்ரோஸ்கோப்புக்கு அது ஓகே, டிஎன்ஏவுக்கு அது எமன். மறுபடி அலைஞ்சு எத்தனால்ல புது சாம்பிள் வாங்கினேன். அப்பவும் சரியா வரல, ஏன்னா சிஸ்ட்டோட சுவர் அவ்ளோ கெட்டி, கிட்டுல சொன்ன மாதிரி பஃபர் ஊத்தி சூடு பண்ணினா மட்டும் உடையாது, கண்ணாடி மணி போட்டு நல்லா குலுக்கணும், இல்லேன்னா உறைய வச்சு உருக்கி உறைய வச்சு உருக்கின்னு நாலஞ்சு தடவ பண்ணணும். டிஎன்ஏ வந்தப்புறமும் ஸ்டூல்ல இருக்குற பித்த உப்பெல்லாம் பிசிஆரை அமுக்கிடும். டிஎன்ஏவ பத்து மடங்கு நீர்க்க வச்சு, கூட அந்த அமுக்கலைத் தணிக்கிற பிஎஸ்ஏங்குற புரதம் கொஞ்சம் சேர்த்தேன், முத பேண்டு அன்னைக்குத்தான் வந்துச்சு.

சந்தோஷம் ஒரு வாரம்கூட நிக்கல, டிஎன்ஏவே போடாத நெகட்டிவ் கண்ட்ரோல்லயும் பேண்டு. ரெண்டு ரவுண்டா பெருக்குற நெஸ்டட் பிசிஆர்ல முத ரவுண்டு ட்யூபத் திறக்கும்போதே பெருகின டிஎன்ஏ மத்ததுல கலந்து மாட்டிக்குவோம். ரெண்டாவது ரவுண்டை வேற ரூமுக்கு மாத்தி, ப்ரைமர் (எந்தத் துண்டப் பெருக்கணும்னு காட்டுற குட்டி டிஎன்ஏ) எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு புதுசா ஆரம்பிச்சேன், மூணு வாரம் காலி.

ஆனா நிஜமான தலைவலி சீக்வென்ஸ், அதாவது டிஎன்ஏவோட எழுத்து வரிசை வந்தப்புறம்தான். வகை பிரிக்க எடுத்த டிபிஐங்குற ஜீன்ல ஏ சாம்பிளெல்லாம் சுத்தமா, ஒரு எழுத்துக்கு கிராஃப்ல ஒரு பீக்னு வந்துச்சு. பி சாம்பிள்ல பார்த்தா ஒரே இடத்துல சி-க்கும் டி-க்கும் சேர்த்து ரெண்டு பீக், ஒரு சீக்வென்ஸ்லயே ஏழெட்டு இடம். திரும்பவும் வேற டிஎன்ஏ கலந்த கண்டாமினேஷன்தான்னு நினைச்சு அந்த ஃபைலையெல்லாம் 'குப்பை'ன்னு ஒரு ஃபோல்டர்ல தள்ளிட்டேன். லேப் சீனியர் அக்கா ஒருத்தங்கதான் பார்த்துட்டு, "லூசு, அதுக்கு ரெண்டு நியூக்ளியஸ்டி"ன்னாங்க. குடல்ல ஒட்டிக்கிட்டு இருக்குற ட்ரோஃபோசோயிட்டுக்கு ரெண்டு நியூக்ளியஸ், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு செட் குரோமோசோம், ஆக ஒரு ஜீனுக்கு குறைஞ்சது நாலு காப்பி. ஏ-ல இந்தக் காப்பிங்க கிட்டத்தட்ட ஒண்ணாவே இருக்கும், ஜீனோம் படிச்ச டபிள்யூபி ஸ்ட்ரெயின்ல வித்தியாசம் 0.01 சதவீதத்துக்கும் கம்மி. பி-யோட ஜிஎஸ் ஸ்ட்ரெயின்ல அது 0.5 சதவீதம் அளவுக்கு இருக்கு. அப்ப ரெட்டைப் பீக் என் தப்பாவே இருக்கணும்னு இல்ல, அந்த ஒட்டுண்ணியே அப்படித்தான்.

சரி, ஆனா ஒரே ஆளுக்குள்ள ரெண்டு வகை பி சேர்ந்து இருந்தாலும் இதே பீக்தானே வரும்? காப்பிங்கள ஒண்ணொண்ணா பாக்டீரியாவுக்குள்ள பிரிச்சு க்ளோன் பண்ணிப் பார்த்தேன், ஒரு சாம்பிள்ல 8 க்ளோன் எடுத்தா 4 விதமான சீக்வென்ஸ். அதுலயும் பிசிஆர்ல காப்பி எடுக்குற பாலிமரேஸ் என்சைம் பண்ற தப்பு கலந்திருக்கலாம்னு அக்கா பயமுறுத்தினதால தப்பு கம்மியா பண்ற என்சைம் வாங்கி மறுபடி ஓட்டினேன், அப்பவும் 3 விதம். ஒரே ஒரு சிஸ்ட்டைத் தனியா பொறுக்கியெடுத்துப் பண்ணினாத்தான் ரெண்டுல எதுன்னு அடிச்சுச் சொல்ல முடியும், அதுக்கு எங்கிட்ட வசதியும் இல்ல நேரமும் இல்ல.

இதுக்கு நடுவுல ரெண்டு சாம்பிள் டிபிஐல பி-ன்னும் பீட்டா ஜியார்டின்ங்குற இன்னொரு ஜீன்ல ஏ-ன்னும் சொல்லுச்சு. ஏ-க்கு தனி, பி-க்கு தனின்னு இருக்குற ப்ரைமர் போட்டா ஒண்ணுல ரெண்டுமே வந்துச்சு, சரி, கலப்புத் தொற்றுன்னு எழுதிட்டேன். ஒரே ஜீன மட்டும் பார்த்துட்டு இவருக்கு ஏ, அவருக்கு பி-ன்னு டேபிள் போடுற பேப்பர்களப் பார்த்தா இப்பல்லாம் எனக்கு நம்பிக்கையே வர்றதில்ல. இன்னொரு சாம்பிள் எவ்ளோ முட்டியும் பிடி கொடுக்கல, தீசிஸ்ல பார்த்த ஒவ்வொரு ஜீனோட ரிசல்ட்டையும் தனித்தனியாவே போட்டு, அசெம்பிளேஜ்னு இருக்குற கட்டத்துல ஒரு கோடு இழுத்துட்டேன். வைவால முத கேள்வியே அந்தக் கோட்டப் பத்திதான், கிட்டத்தட்ட அரை மணி நேரம்.