அரக்கு நிறம் ஆரஞ்சாகத் தெரிந்தால்

பட்டுப் புடவைக் கடைக்கு இணையதளம் செய்யும்போது முதலாளிகள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "பார்த்தா ரிச்சா இருக்கணும்." மெரூன் பின்னணி, தங்க எழுத்து, மேலே மாறி மாறி ஓடும் ஐந்து படங்கள், ஓரத்தில் ஒரு கோபுரம். கேட்பதில் தப்பில்லை. ஆனால் வாங்க வருகிறவர் மனதில் ஓடுவது வேறு. இருபதாயிரம் ரூபாய் கட்டப்போகிறோமே, வீட்டுக்கு வருவது இந்தப் புடவைதானா?

அந்தச் சந்தேகம் தீர்வதோ வளர்வதோ சட்டென்று நடந்துவிடுகிறது. ஒரு பக்கம் கண்ணுக்குப் பிடிக்கிறதா இல்லையா என்பது 50 மில்லிநொடியிலேயே முடிவாகிவிடுகிறது என்று கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக ஆய்வு 2006இல் காட்டியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2002இல் 2,684 பேரிடம் எந்தத் தளத்தை நம்புவீர்கள், ஏன் என்று கேட்டது. அவர்கள் சொன்ன காரணங்களில் சுமார் 46 சதவீதம் தோற்றத்தைப் பற்றியவை. டிசைன் விற்கிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் அடிக்கடி எடுத்துக் காட்டுவார்கள். புடவைக் கடையைப் பொறுத்தவரை தோற்றம் என்றால் முதலில் புகைப்படம். மற்றதெல்லாம் பிறகு.

கடைக்குள் ட்யூப்லைட் வெளிச்சத்தில், ஃபோனில், தானியங்கி வெள்ளைச் சமநிலையில் (வெளிச்சத்துக்கேற்ப ஃபோன் தானே நிறத்தைச் சரிசெய்யும் முறை) எடுத்தால் அரக்கு ஆரஞ்சுப் பக்கம் சாயும், கத்தரிப்பூ நிறம் நீலமாகும். ஃபிளாஷ் போட்டால் ஜரிகை வெள்ளைத் திட்டாக வெளுத்துவிடும். வெயில் நேராக விழாத ஜன்னலோரம், காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள், கடை விளக்குகளை அணைத்துவிட்டு எடுப்பதே மலிவான தீர்வு. முதல் படத்தில் ஒரு சாம்பல் அட்டையை வைத்து எடுத்து, அதைக் கொண்டு சரிசெய்த அளவையே அன்றைய எல்லாப் படங்களுக்கும் போட வேண்டும். இன்னொரு கோளாறும் உண்டு: ஐபோன் படங்கள் அகன்ற நிற வரம்பில் பதிவாகின்றன. அதை இணையத்துக்கு வழக்கமான எஸ்ஆர்ஜிபி நிற வரம்புக்கு மாற்றாமல் அளவை மட்டும் சுருக்கி, நிறக் குறிப்பையும் நீக்கிவிட்டால் புடவை சாயம் போனது மாதிரி மங்கித் தெரியும். "ஃபோன்ல நல்லாத்தானே இருந்துச்சு" என்ற புகார் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது.

மயில் கழுத்து நிறத்தை ஒரே படத்தில் காட்டவே முடியாது. பாவுக்கு (நீளவாட்டு நூல்) ஒரு நிறம், ஊடைக்கு (குறுக்கு நூல்) வேறு நிறம். பார்க்கும் கோணத்துக்கேற்ப மாறும். இரண்டு கோணப் படங்களோடு, துணியை மெல்லத் திருப்பும் பத்து நொடி வீடியோவும் வேண்டும். உடல், கரை, முந்தி, ரவிக்கைத் துணி என நான்கும் தனித்தனியே இருக்கட்டும். ஐந்தாவதாக, கோர்வையில் (உடலையும் கரையையும் இணைத்து நெய்யும் முறை) உடலும் கரையும் சேரும் இடத்தின் பின்பக்க நெருக்கப் படம். விவரம் தெரிந்த அம்மாக்கள் கடையில் புடவையைப் புரட்டிப் பார்ப்பது அந்த இடத்தைத்தான். அதைத் தளத்தில் காட்டுகிற கடையை அவர்கள் கவனிப்பார்கள். எத்தனை கோபுரம் வரைந்தாலும் அந்த மதிப்பு வராது.

தங்க எழுத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. சிவப்பு 212, பச்சை 175, நீலம் 55 என்ற வழக்கமான தங்க நிறத்தை வெள்ளைப் பின்னணியில் வைத்தால் எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) ஏறக்குறைய 2.1க்கு 1. சாதாரண எழுத்துக்கு இணைய அணுகல்தன்மை விதி கேட்பது 4.5க்கு 1. அதே தங்கம் அடர் மெரூனில் 5.2க்கு 1 வரும், தாராளமாகப் படிக்கலாம். ஆகவே தலைப்பு மெரூன் பட்டையில் தங்கமாக இருக்கட்டும். விலையும் விவரமும் வெள்ளையில் கறுப்பாகவே இருக்க வேண்டும். வெயிலில் பஸ் ஸ்டாப்பில் நின்று பார்ப்பவருக்கு விலை தெரியாவிட்டால், மறைக்கிறார்கள் என்றே தோன்றும்.

தமிழ் எழுத்துரு விஷயத்தில் இன்னும் அலட்சியம். ஆங்கிலத்துக்குச் செய்த டெம்ப்ளேட்டில் வரி உயரம் எழுத்தளவைப் போல 1.2 மடங்கு என்று இருக்கும். அதில் ஸ்ரீ, கூ, மூ எல்லாம் மேல் கீழ் வரிகளோடு முட்டிக்கொள்ளும். 1.6 முதல் 1.8 வரை வேண்டும். எழுத்துருவின் சாதாரணக் கோப்பை மட்டும் ஏற்றிவிட்டுத் தலைப்பைத் தடிமனாக்கினால், பிரவுசர் தானே கோட்டைப் பெருக்கி ண, ன சுழிகளை அடைத்துவிடும். தடிமன் கோப்பையும் சேர்த்து ஏற்றுங்கள், இரண்டு போதும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் அடித்ததை, எல்லாக் கருவியும் படிக்கும் யூனிகோடுக்கு மாற்றாமல் ஒட்டுவது இன்றும் நடக்கிறது. வாடிக்கையாளருக்கு அது வெறும் ஆங்கிலக் குப்பை.

வேகமும் தோற்றத்தில் சேர்த்திதான். மேலே ஓடும் ஐந்து படமும் தலா 4 எம்பி என்றால் கட்டணப் பக்கத்தைப் பார்க்குமுன்பே 20 எம்பி தீர்ந்துவிடும். ஒரு படம் போதும். பக்கத்தின் முதன்மைப் படம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். படத்தின் நீள அகலத்தை நிரலில் குறிப்பிடாவிட்டால் படம் வந்து இறங்கும்போது பக்கம் துள்ளும், விரல் வேறெங்கோ படும். முகவரிப் பெட்டியில் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோன் தானாகவே பெரிதாக்கிவிடும், பாதிப் படிவம் திரைக்கு வெளியே போகும். வாட்ஸ்அப் வட்டம் "வாங்கு" பட்டன் மேல் உட்கார்ந்திருக்கும் தளங்களைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

முகவரியில் https வர வைக்கும் பாதுகாப்புச் சான்றிதழை மட்டும் யாரும் அழகோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் 90 நாளுக்குத்தான். தானியங்கிப் புதுப்பிப்பு நின்றுபோனால் மொத்தத் தளத்துக்கும் பதிலாக எச்சரிக்கைப் பக்கம்தான் நிற்கும். அடிப்பகுதியில் 2019 என்ற பழைய ஆண்டு, கடைப் பெயர் இல்லாத மின்னஞ்சல், படமாகப் போட்டதால் தொட்டால் அழைக்காத ஃபோன் நம்பர் எல்லாம் கடை நடக்கிறதா என்றே கேட்க வைக்கும். இந்தியாவின் 2020 மின்வணிக விதிகள்படி நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, குறைதீர்ப்பு அதிகாரியின் பெயர், தொடர்பு விவரம் இவையெல்லாம் தளத்தில் இருந்தாக வேண்டும். எப்படியும் போட வேண்டியதை ஏன் கண்ணுக்குத் தெரியாத சாம்பல் எழுத்தில் போடுகிறார்கள் என்பது புரியவில்லை.

தளத்தை ஒப்படைத்த பிறகு படம் ஏற்றுவது கடைப் பையன்தான். ஒரு படம் சதுரம், அடுத்தது நீளம், மூன்றாவதில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எழுத்தோடு வந்து சேரும். கோணல் பல்வரிசை மாதிரி ஆகிவிடும் பக்கம். 3க்கு 4 விகிதம், 1200க்கு 1600 பிக்சல், வெப்பி (WebP) கோப்பு வடிவம், 200 கேபிக்குள் என்று ஒரு தாளில் அச்சடித்து, படம் எடுக்கும் ஜன்னல் பக்கத்திலேயே ஒட்டிவிட வேண்டும். ஏற்றும் பக்கமும் அந்த அளவுக்கு மாறான கோப்பை வாங்க மறுக்கும்படி அமைத்துவிட்டால், தாள் கிழிந்து போனாலும் பாதகமில்லை.