தங்கச்சிமடத்திலிருந்து ரோமுக்கு அம்மாவை அழைத்துப் போனது

எங்கள் அம்மா வருஷம் தவறாமல் ராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூருக்குப் போகிறவர். 1693-இல் அங்கே தலை வெட்டப்பட்ட கிறிஸ்தவ மறைபோதகர் அருளானந்தருக்கு (ஜான் டி பிரிட்டோ) 1947-இல் புனிதர் பட்டம் கொடுத்த கோயில் இருக்கும் இடம் ரோம். சாவதற்குள் அந்தக் கோயிலைப் பார்த்துவிட வேண்டும் என்பார். அழைத்துப் போய் வந்துவிட்டேன். நம் பக்கத்திலிருந்து வயதான பெற்றோரைக் கூட்டிப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் விசா, டிக்கெட் அப்புறம்தான். இத்தாலி உள்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். விமான முன்பதிவு விவரம் போதும், பணம் கட்டிய டிக்கெட் கட்டாயமில்லை. கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் வேண்டும். அம்மா கருவாடு விற்றவர், வருமான வரிக் கணக்குக்கு எங்கே போவது? செலவெல்லாம் என்னுடையது என்று கடிதம் எழுதி, என் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் வைத்தேன். ரோமில் இருக்கும் எங்கள் ஊர் சிஸ்டர் ஒருவர், மடத்து விருந்தினர் இல்லத்தில் அறை ஏற்பாடு செய்து கடிதம் அனுப்பினார்.

சென்னை விசா மையத்தில் கைரேகை எடுக்கும்போதுதான் சிக்கல். உப்பிலும் மீன் செதிலிலும் புழங்கிய விரல்கள், ரேகை தேய்ந்துபோய் கருவியில் பதியவே இல்லை. அங்கிருந்த பெண் முகம் சுளிக்கவில்லை. ஈரத்தாளால் துடைக்கச் சொல்லி, ஒவ்வொரு விரலாகத் தானே பிடித்து மெல்ல அழுத்தினார். "கருவாட்டுக் கையும்மா இது" என்றார் அம்மா. கடைசியில் பதிந்தது. உடல் காரணத்தால் ரேகை எடுக்கவே முடியாதவர்களுக்கு விதியிலேயே விலக்கு இருக்கிறது, அதனால் பயப்பட வேண்டாம்.

அடுத்தது பெயர். அம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. டிக்கெட் போடும் இணையதளமோ அதை நிரப்பாமல் நகராது. பெயரையே இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும் நிறுவனமும் உண்டு, வேறு மாதிரி சொல்வதும் உண்டு. பணம் கட்டுவதற்கு முன்பே போன் போட்டுக் கேட்டு, அவர்கள் சொன்னபடியே போட்டேன்.

நமக்குப் பக்கம் மதுரைதான். அங்கிருந்து துபாய்க்கு ஒரு டிக்கெட், துபாயிலிருந்து ரோமுக்குத் தனி டிக்கெட் என்றால் மலிவாகத் தெரியலாம். ஆனால் துபாயில் பெட்டியை எடுக்க வெளியே வரவேண்டியிருக்கும், அதற்கு அந்த நாட்டு விசா தனி. முதல் விமானம் தாமதமானால் அடுத்த விமான நிறுவனம் பொறுப்பேற்காது. வயதானவரை வைத்துக்கொண்டு அந்தப் பாடு வேண்டாம். சென்னை, தோஹா, ரோம் என்று ஒரே டிக்கெட்டாக எடுத்தேன். பறக்கும் நேரம் தோஹாவுக்கு ஐந்து மணி நேரத்தை ஒட்டி, அங்கிருந்து ஏறக்குறைய ஆறு மணி நேரம். நடுவில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளி பார்த்துக்கொண்டேன்.

ராமேஸ்வரத்தில் சாயங்காலம் ரயில் ஏறினால் விடியும்போது தாம்பரம். அங்கிருந்து மின்சார ரயிலில் திரிசூலம், எதிரிலேயே விமான நிலையம். ஆனாலும் அதே காலை விமானத்தைப் பிடிக்க நினைக்காதீர்கள். நாங்கள் ஒரு நாள் முன்னாடியே போய் சித்தி வீட்டில் தங்கினோம்.

சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள், இலவசம். "ஏய்யா, எனக்கு நடக்கத் தெரியாதா?" என்று அம்மாவுக்குக் கோபம். தோஹாவில் நடக்க வேண்டிய தூரத்தைப் பார்த்ததும் பேசாமல் உட்கார்ந்தார்.

சிஸ்டர் நெத்திலிக் கருவாடு கேட்டிருந்தார். ஐரோப்பாவுக்குள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகத் தடை. மீன் மட்டும் சொந்த உபயோகத்துக்கு 20 கிலோ வரை அனுமதி. இரண்டு கவர் போட்டு நன்றாக ஒட்டி, கருவாட்டைப் பெட்டியில் வைத்தோம். பால்கோவா ஊரிலேயே நின்றுவிட்டது.