காவிரியோடு கிழக்கே: காசிக்கு நிகரான ஆறு தலங்கள்

காசிக்கு நிகர் என்று சொல்லப்படும் தலங்கள் காவிரிக் கரையிலும் அதன் கிளை ஆறுகளின் கரையிலுமாக ஆறு இருக்கின்றன. திருவையாறு, திருவிடைமருதூர், ஸ்ரீவாஞ்சியம், மயிலாடுதுறை, சாயாவனம், திருவெண்காடு. இந்த ஆறையும் ஒரே பயணத்தில் சேவித்துவிட வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. காசிக்கு ரயிலேறிப் போய்வர முழங்கால் இடம் கொடுக்காது. காரில் என்றால் நாள் முழுக்க உற்சாகமாக வருவார். ஐப்பசி பிறந்ததும் கிளம்புவது என்று முடிவானது.

டெல்டா கோயில்கள் என்றாலே கையில் பட்டியலோடு ஓடுவது வழக்கமாகிவிட்டது. நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் ஒரே நாளில் காட்டிவிடும் வேன்கள்கூட உண்டு. அப்படிப் போய்வருகிறவர்களின் பக்தியில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சந்நிதியில் கண்மூடி நிற்கும்போதே அடுத்த ஊர் ஞாபகம் வந்துவிடுகிறது. நாங்கள் காவிரியையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டோம். தஞ்சாவூரில் தொடங்கி, ஆறு போகும் திசையிலேயே போய், அது கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் முடிப்பது. ஆறு தலங்களும் ஏறக்குறைய அந்த வரிசையிலேயே அமைந்திருக்கின்றன.

திட்டம் போடும்போது கிலோமீட்டரைவிட முக்கியம் நடை திறக்கும் நேரம். இந்தப் பக்கம் பெரும்பாலான சிவாலயங்களில் பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் மறுபடி நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அதனால் காலையில் ஒரு கோயில், மாலையில் ஒரு கோயில் என்று வைத்துக்கொண்டோம். நடுவில் இருக்கிற நேரம் சாப்பாட்டுக்கும், அம்மாவின் ஓய்வுக்கும், வயல் பார்ப்பதற்கும்.

வயல் பார்ப்பது என்றால் ஐப்பசிதான். மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12 அன்று தண்ணீர் திறப்பார்கள். நீர் இருப்பைப் பொறுத்துச் சில ஆண்டுகளில் முன்னே பின்னே ஆகும். அந்தத் தண்ணீரில் நட்ட குறுவை அறுவடையாகி, சம்பா நடவு நடக்கிற காலம் இது. ஒரு பக்கம் நாற்று இளம்பச்சையாக நிற்கும், அடுத்த வயலில் அறுத்த தாள் கிடக்கும். ஒரு எச்சரிக்கை: கிராமத்துச் சாலைகளில் பாதி அகலத்துக்கு நெல்லைக் காயப் போட்டிருப்பார்கள். அதன்மேல் வண்டியை ஏற்றிவிடக் கூடாது. இருட்டிய பிறகு அந்தச் சாலைகளைத் தவிர்ப்பது நல்லது. வடகிழக்குப் பருவமழையும் இந்த மாதத்தில்தான் என்பதால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நேரத்தை மழைக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டும்.

தஞ்சாவூரில் பெருவுடையாரை வணங்கிவிட்டு, அரண்மனைக்குள் இருக்கும் கலைக்கூடத்துக்குப் போனோம். திருவெண்காட்டில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த ரிஷபவாகன மூர்த்தி அங்கேதான் இருக்கிறார். ராஜராஜ சோழன் காலத்துச் செப்புத் திருமேனி, ஆண்டு 1011. சடையையே தலைப்பாகையாகச் சுற்றி, ஒரு காலைச் சற்று மடக்கி ஒயிலாக நிற்கிறார். வலது கை ரிஷபத்தின் மேல் சாய்ந்த பாவனையில் இருக்கிறது, ரிஷபம் இல்லை. ஆனால் அந்த விரல்கள் தளர்ந்து தொங்குகிற விதத்தைப் பார்த்தால், அது அங்கேயே நிற்பதாகத்தான் தோன்றுகிறது. பயணம் முடியப்போகும் ஊரின் சுவாமியை முதலிலேயே பார்த்துவிட்டதில் அம்மாவுக்குப் பரம திருப்தி.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் சாலையில் பாலங்களை எண்ணிக்கொண்டே போகலாம். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. ஐந்தையும் தாண்டினால் ஊர் வந்துவிடும். ஒவ்வொரு பாலத்திலும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கயிலைக்கு நடந்தே போய், கை கால் தேய்ந்து, உடம்பால் ஊர்ந்தும் போன அப்பர் பெருமானுக்கு இறைவன் கயிலைக் காட்சி கொடுத்தது திருவையாற்றில்தான். இன்றும் ஆடி அமாவாசையன்று அந்த விழா நடக்கிறது. காசிக்கோ கயிலைக்கோ போக முடியவில்லையே என்று ஏங்குகிறவர்களை முதலில் இங்கே அழைத்து வர வேண்டும் என்பேன். ஐயாறப்பரை வணங்கிவிட்டு, அறம் வளர்த்த நாயகி சந்நிதியில் அம்மா வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு புஷ்ய மண்டபப் படித்துறையில் இறங்கிக் காலை நனைத்துக்கொண்டோம். தண்ணீர் கலங்கலாக, நல்ல வேகத்தோடு போனது. கடைத்தெருவில் அசோகா வாங்காமல் இந்த ஊரை விட்டு யாரும் கிளம்புவதில்லை, நாங்களும் வாங்கினோம்.

கும்பகோணத்தில் தங்கினோம். அடுத்த நாள் காலை திருவிடைமருதூர். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை சாலையில் ஒன்பது கிலோமீட்டர். மகாலிங்க சுவாமி கோயிலில் வந்த வழியே திரும்புவதில்லை என்பது மரபு. வரகுண பாண்டியனைப் பிடித்த பிரம்மஹத்தி கிழக்கு வாசலிலேயே காத்திருக்க, அவன் வேறு வாசல் வழியாக வெளியேறித் தப்பினான் என்பது தலக்கதை. அதனால் கிழக்கே நுழைகிறவர்கள் இன்றும் வேறு வாசல் வழியாகத்தான் வெளியே வருகிறார்கள். ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லி வண்டியை அந்தப் பக்கம் நிறுத்தச் சொல்லிவிடுங்கள். வயதானவர்களுக்கு அந்தப் பிராகாரச் சுற்று நீளம்.

மாலையில் ஸ்ரீவாஞ்சியம். கும்பகோணத்திலிருந்து நன்னிலம் போகிற வழியில் அச்சுதமங்கலத்தில் திரும்ப வேண்டும். ஆறில் என் மனதை ஆழமாகத் தொட்டது இதுதான். எமதர்மனுக்கு இங்கே தனிச் சந்நிதி. உயிர்களைப் பறிக்கும் பாவம் தன்னை வாட்டுகிறது என்று எமன் இங்கே வந்து தவமிருந்ததாகவும், ஈசன் அவனைத் தன் வாகனமாகவே ஏற்றுக்கொண்டதாகவும் புராணம். நேராக மூலவரிடம் போகப்போன அம்மாவைக் குருக்கள் தடுத்தார். “அம்மா, முதல்ல எமதர்மராஜன். அப்புறம்தான் சுவாமி.”

அம்மா சிரித்துக்கொண்டே, “அவரைத்தானே சாமி நான் முதல்ல பார்க்கணும், இந்த வயசுல” என்றார்.

“இங்கே வந்து சேவிச்சவாளுக்கு அவர் பயம் கிடையாது, போங்கோ.”

சந்நிதிக்கு முன்னால் அம்மா கைகூப்பி நின்ற நிலையில் பயம் கொஞ்சமும் தெரியவில்லை. அப்பா போன பிறகு அம்மா சாவைப் பற்றிப் பேசினாலே நான் பேச்சை மாற்றிவிடுவேன். அன்றைக்கு மாற்றத் தோன்றவில்லை. கோயில் குளத்துக்குக் குப்த கங்கை என்று பெயர். கங்கையே இங்கே மறைந்து உறைகிறாள் என்பது ஐதீகம். கார்த்திகை ஞாயிற்றுக்கிழமைகளில் இதில் நீராடப் பெருங்கூட்டம் வரும்.

மறுநாள் மயிலாடுதுறை. அம்பிகை மயிலாக வந்து பூசித்த தலம். ஐப்பசி மாதம் முழுக்க இங்கே காவிரியில் புனித நீராடுவார்கள், அதுதான் துலா நீராட்டம். மாதக் கடைசி நாள் கடைமுகம். அதற்கு வர முடியாமல் தாமதித்து வந்த முடவருக்காகக் கார்த்திகை முதல் நாளையும் இறைவன் சேர்த்துக் கொடுத்ததால் அது முடவன் முழுக்கு. மாயூரநாதரிடம் போவதற்கு முன் துலாக் கட்டத்துக்குப் போனோம். ஆற்றின் நடுவே நந்தி மண்டபம். அம்மா படியிலேயே உட்கார, சொம்பில் மொண்டு தலையில் ஊற்றினேன். பக்கத்தில் நீராடிய பெண்மணி தானாகவே வந்து அம்மாவின் கையைப் பிடித்து மேலேற்றிவிட்டார்.

மயிலாடுதுறையைத் தாண்டினால் காற்றில் உப்பு கலக்கிறது. சாயாவனம் பூம்புகாருக்கு அருகில், கோச்செங்கட் சோழன் எடுப்பித்த மாடக்கோயில். அம்பிகைக்குக் குயிலினும் இன்மொழியம்மை என்று பெயர். வில்லேந்திய முருகனின் செப்புத் திருமேனியைப் பார்க்கத் தவறாதீர்கள். இயற்பகை நாயனார் பேறு பெற்ற ஊரும் இதுவே. பூம்புகார்க் கடற்கரையில் அதிக நேரம் இருக்கவில்லை, மழை பிடித்துக்கொண்டது.

திருவெண்காட்டில் மழை விட்டிருந்தது. பலரும் புதன் சந்நிதிக்கென்று வந்து அதோடு திரும்பிவிடுகிறார்கள். அது ஒரு குறைதான். மருத்துவாசுரனை அடக்கச் சிவன் எடுத்த உக்கிர வடிவமான அகோர மூர்த்தியின் முன் நின்றுவிட்டு வாருங்கள். அந்த அசுரன் சூலத்தால் குத்திய தழும்புகளை நந்தியின் உடம்பில் காட்டுவார்கள். ஆலமரத்தடியில் இருக்கும் ருத்ர பாதத்தில் அப்பாவுக்காகத் தில தர்ப்பணம் செய்தேன். அம்மா பக்கத்தில் நின்று எள்ளையும் தண்ணீரையும் எடுத்துக் கொடுத்தார். காசியில் செய்ய வேண்டும் என்று அவர் பல காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தது இந்தத் தர்ப்பணத்தைத்தான்.

போகிறவர்களுக்கு ஒன்று: தர்ப்பணம் செய்வதாக இருந்தால் திருவெண்காட்டைக் காலையில் வைத்துக்கொண்டு, முதல் நாள் இரவே மயிலாடுதுறையிலோ சீர்காழியிலோ தங்கிவிடுங்கள். சாயாவனத்தை அன்று மாலைக்கு மாற்றிக்கொள்ளலாம், தூரம் அதிகமில்லை. கடைமுகத்தன்று மயிலாடுதுறையில் இருக்க விரும்பினால் அறையை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.