இடது பக்கம்

04.03.2024, திங்கள்

அப்பாவின் இயர்போனில் இடது பக்கம் கேட்கவில்லை. பிளக்கின் அருகே ஒயரை வளைத்துப் பிடித்தால் ஒரு நொடி உயிர் வருகிறது; விரலை எடுத்தால் போய்விடுகிறது. புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்கிறான் அண்ணன். ஆனால் கடைகளில் பெரும்பாலும் இருப்பவை ரப்பர் முனையோடு காதுக்குள் அடைத்துக்கொள்ளும் வகை. அப்பாவால் அதை ஐந்து நிமிடம்கூடத் தாங்க முடியாது. காது மடலில் மெல்ல உட்காரும் இந்தப் பழைய வகைதான் அவருக்குப் பழக்கம். வார்டில் ஒன்பது மணிக்கு விளக்கை அணைக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் அவருக்குப் பாட்டு வேண்டும்.

05.03.2024, செவ்வாய்

பிளக்கை வெட்டிப் பார்த்தேன். உள்ளே செம்பு கறுத்திருந்தது. ஒரு சாண் தள்ளி வெட்டினேன், அங்கேயும் அப்படியே. சிவப்பு வலது, பச்சை இடது, செம்பு நிறம் இரண்டுக்கும் பொது. நுனிகளைச் சுட்டுச் சுத்தம் செய்து, மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரை வைத்தபோது வலது 16 ஓம் காட்டியது; இடது எதையும் காட்டவில்லை. ஒயர் மட்டும் அறுந்திருந்தால் மாற்றிவிடலாம். உள்ளே ஒலியை எழுப்பும் கம்பிச் சுருளே அறுந்திருந்தால் எந்த ஒயரைக் கொண்டும் பயனில்லை. இதை நினைத்துக்கொண்டே தூங்காமல் கிடந்தேன்.

06.03.2024, புதன்

மருத்துவமனையில் தேதி இன்னும் சொல்லவில்லை.

07.03.2024, வியாழன்

மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில் ரிச்சி தெருவில் இறங்கி, பிளக்கோடு சேர்த்து வார்க்கப்பட்ட 1.2 மீட்டர் ஒயர் ஒன்று வாங்கினேன். இரவு ஹேர் டிரையரால் இடது பக்கத்துப் பிளாஸ்டிக் ஓடுகளைச் சூடாக்கி, இணைப்புக் கோட்டில் பிளேடை வைத்துச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினேன். திறந்ததும் பின்புறத்து இரண்டு ஈயப் புள்ளிகளில் மல்டிமீட்டர் முனைகளை வைத்தேன். மெல்லிய ‘டிக்’ ஒலி எழுந்தது, திரையில் 16. சுருளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கைகள் நடுங்கியதால் இன்று இதற்கு மேல் எதையும் தொடவில்லை.

08.03.2024, வெள்ளி

சிவராத்திரி. தெருவே விழித்திருந்ததால் நானும் விழித்திருந்து பற்றவைத்தேன். இந்த ஒயரின் செம்பு இழைகள் மயிரைவிட மெல்லியவை. ஒவ்வொன்றின் மேலும் எனாமல் பூசியிருக்கிறார்கள், நடுவில் நைலான் நூலும் ஓடுகிறது. பூச்சு போகாதவரை ஈயம் ஒட்டாது. பிளேடால் சுரண்டினாலோ இழையே அறுந்துவிடுகிறது. பற்றவைப்புக் கோலின் நுனியில் ஒரு சொட்டு ஈயத்தை உருக்கி, அதற்குள் ஒயரின் நுனியை அமிழ்த்திப் பொறுமையாக வைத்திருந்தால், புகை கிளம்பிப் பூச்சு எரிந்து, செம்பு வெள்ளையாகப் பளபளக்கும். அதுவரை அவசரப்படக் கூடாது. மற்றொரு தொல்லை உள்ளே இருக்கும் காந்தம்: கோலின் நுனியில் இரும்பு இருப்பதால் அருகே கொண்டுபோன உடனே அது தன் பக்கம் இழுக்கிறது, பக்கத்திலேயே பிளாஸ்டிக்கும் ஒலிக்காக அதிரும் மெல்லிய சவ்வும் இருக்கின்றன. மணிக்கட்டை மேசையில் ஊன்றிக்கொண்டு இரண்டு நொடிக்குள் எடுத்துவிட்டேன். வலது பக்கம் முடிந்தது. இடது பக்கத்தையும் முடித்த பிறகுதான், ஒயரை ஓட்டின் துளை வழியே நுழைத்து உள்ளே முடிச்சிட மறந்தது தெரிந்தது. அந்த முடிச்சு இல்லையென்றால் முதல் இழுப்பிலேயே பற்றவைத்த இடம் பிய்ந்துவிடும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, இரண்டரை மணிக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன்.

09.03.2024, சனி

இடது பக்கம் கேட்கிறது. ஆனாலும் ஏதோ சரியில்லை. அப்பாவின் பழைய கச்சேரிப் பதிவுகள் எல்லாம் ஒற்றைத் தடத்தில் அமைந்தவை, இரண்டு காதுக்கும் ஒரே ஒலிதான். பாடகரின் குரல் தலையின் நடுவே நிற்க வேண்டும். இதில் குரல் இரண்டு பக்கமும் சிதறி எங்கோ வெளியே ஒலிக்கிறது. மிருதங்கத்தின் கனத்த ஒலி தரும் இடந்தலை வெறும் தட்டலாகக் கேட்கிறது. இரவு தூக்கக் கலக்கத்தில் இடது பக்கத்தின் பச்சையையும் செம்பையும் இடம் மாற்றிப் பற்றவைத்திருக்கிறேன். ஒரு சவ்வு முன்னே வரும்போது மற்றொன்று பின்னே போகிறது. ஓடுகளை மூடாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. இரண்டையும் மாற்றிப் பற்றவைத்தேன். குரல் நடுவுக்கு வந்து நின்றபோது அழுகை வந்தது. இரவு பதினொரு மணிக்கு ஓடுகளை ஒட்டி நூல் சுற்றிவைத்தேன். பசை முழுதும் காய ஒரு நாள் ஆகும்.

10.03.2024, ஞாயிறு

செவ்வாய்க்கிழமை காலை என்று சொல்லிவிட்டார்கள். மாலை நூல் சுற்றியபடியே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இரவு 9.40. அப்பா அழைத்தார், மிகத் தணிந்த குரலில். இரண்டு பக்கமும் கேட்கிறதாம். நூலை அவிழ்த்துவிடலாமா அம்மா என்று கேட்டார். பதினொரு மணி வரை வேண்டாம் என்றேன்.